விளக்கெண்ணெயில் பறந்த போர் விமானங்கள்

முதல் உலகப் போர் விமானிகளின் புகைப்படங்களில் பலர் கழுத்தில் பட்டுத் துணி சுற்றியிருப்பார்கள். மிடுக்குக்காக என்று நினைக்கத் தோன்றும். எதிரி எந்தப் பக்கம் இருக்கிறான் என்று ஓயாமல் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தால், முரட்டுக் காலர் உரசிக் கழுத்துத் தோல் உரிந்துவிடும், பட்டு அதற்குத்தான். இன்னொரு வேலையும் அந்தத் துணிக்கு இருந்தது. முன்னால் சுற்றும் எஞ்சினிலிருந்து தெறித்து, கண்ணாடியில் படியும் எண்ணெயைத் துடைக்க வேண்டும். அது நம் வீட்டுப் பெரியவர்கள் பேதிக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்.

"முன்னால் சுற்றும் எஞ்சின்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கால விமானங்கள் பலவற்றில் விசிறி மட்டும் சுற்றவில்லை, மொத்த எஞ்சினும் சேர்ந்து சுற்றியது. சாதாரண எஞ்சினில் சிலிண்டர்கள் அசையாமல் நிற்கும், உள்ளே கிராங்க் ஷாஃப்ட் என்ற அச்சுத் தண்டு சுழலும். இதில் நேர்மாறு. கிராங்க் ஷாஃப்டை விமானத்தின் உடலோடு பொருத்திவிடுவார்கள், அது அசையாது. அதைச் சுற்றி ஏழோ ஒன்பதோ சிலிண்டர்கள், முன்னால் திருகிய மர விசிறியோடு சேர்ந்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ 1200 முறை சுழலும். ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் பாத்திரம் சுற்றும், குழவி இருந்த இடத்திலேயே இருக்கும். மாவு இரண்டிலும் ஒரே மாதிரிதான் அரைபடுகிறது. அதே கணக்குதான் இங்கேயும்.

கேட்டால் கிறுக்குத்தனமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் 1908-ல் இதைவிட நல்ல விடை யாரிடமும் இல்லை.

அன்றைய விமானத்தின் பெரிய தலைவலி எடை. 1903-ல் ரைட் சகோதரர்கள் தங்கள் பட்டறையிலேயே செய்துகொண்ட எஞ்சின் சுமார் 80 கிலோ இருந்தது, கொடுத்தது 12 குதிரைத்திறன். அடுத்த தலைவலி சூடு. தண்ணீரால் குளிர்விக்கலாம் என்றால் ரேடியேட்டர், குழாய், தண்ணீர் எல்லாம் சேர்ந்து எடை கூடும். காற்றே குளிர்விக்கட்டும் என்றால், மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டரில் ஊர்ந்துபோகும் விமானத்தில் அவ்வளவு காற்று வராது. 1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது, அவருடைய 25 குதிரைத்திறன் எஞ்சின் சூடேறி நின்றுபோகும் நிலையில் இருந்ததாகவும், நல்ல நேரமாக ஒரு மழைத் தூறல் வந்து அதைக் குளிர்வித்ததாகவும் சொல்வார்கள். மழையை நம்பி எத்தனை பேர் பறக்க முடியும்?

பாரிஸுக்குப் பக்கத்தில் தொழிற்சாலை வைத்திருந்த லூயி, லோரான் என்ற செகாங் சகோதரர்கள் 1908-ல் கொண்டுவந்த நோம் ஒமேகா எஞ்சின் இரண்டு தலைவலிக்கும் ஒரே மருந்து கொடுத்தது. சிலிண்டர்களே சுற்றுவதால், விமானம் தரையில் நின்றிருந்தாலும் அவற்றின் மேல் காற்று வேகமாக அடித்துக்கொண்டே இருக்கும். ரேடியேட்டர் வேண்டாம். எஞ்சின் சீராக ஓடக் கனமான சக்கரம் ஒன்றைப் பூட்டும் வழக்கம் உண்டு. இங்கே எஞ்சினே அந்தச் சக்கரம், ஆகவே அதுவும் வேண்டாம். ஒவ்வொரு சிலிண்டரையும் திட எஃகுக் கட்டியிலிருந்து, சுவர் ஒன்றரை மில்லிமீட்டர் ஆகும்வரை கடைந்து எடுத்தார்கள். விளைவு: சுமார் 75 கிலோ எடையில் 50 குதிரைத்திறன். ரைட் எஞ்சினின் எடைதான், பலம் நான்கு மடங்கு. 1909 ஆகஸ்டில் ரீம்ஸ் நகரில் நடந்த விமானப் போட்டியில், இந்த எஞ்சினைப் பூட்டிய இரட்டை இறக்கை விமானத்தில் ஆன்ரி ஃபார்மன் மூன்று மணி நேரத்துக்கு மேல் சுற்றி, 180 கிலோமீட்டர் பறந்து பரிசைத் தட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நோம் வேண்டும் என்று எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

இதற்குள் நடப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நிற்கும் கிராங்க் ஷாஃப்டில், மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு முளை இருக்கும். பிஸ்டன்கள் எல்லாம் கம்பிகளால் அந்த முளையோடு இணைந்திருக்கும். சிலிண்டர்கள் சுற்றுவது ஷாஃப்டின் மையத்தை வைத்து. பிஸ்டன்கள் சுற்றுவது தள்ளியிருக்கும் முளையை வைத்து. இரண்டு வட்டங்களின் மையமும் ஒன்றல்ல என்பதால், ஒரு சுற்றுக்குள் பிஸ்டன் ஒரு பக்கம் சிலிண்டரின் தலையை நெருங்கும், மறுபக்கம் விலகும். சிலிண்டருக்குள் உட்கார்ந்து பார்த்தால் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. வெளியே நின்று பார்த்தால் முன்னும் பின்னும் போகும் பொருள் ஒன்றுமே இல்லை, எல்லாம் வட்டத்தில்தான் போகின்றன. அதனால் அதிர்வும் மிகக் குறைவு. குச்சியும் துணியும் கம்பியும் வைத்துக் கட்டிய விமானத்துக்கு இது சின்ன வரம் இல்லை.

சிலிண்டர்கள் ஏன் ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையிலேயே இருக்கின்றன? ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பெட்ரோல் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். ஆகவே ஒன்றை விட்டு ஒன்றாக, 1, 3, 5, 7 என்று போய், அடுத்த சுற்றில் 2, 4, 6 என்று வெடித்தால் இடைவெளி எப்போதும் சமம். இரட்டைப்படையில் வைத்தால் இந்த வரிசை ஓரிடத்தில் இடறும்.

சரி, விளக்கெண்ணெய்க்கு வருவோம். சுற்றும் எஞ்சினுக்குப் பெட்ரோலை எப்படி ஊட்டுவது? அசையாமல் இருப்பது கிராங்க் ஷாஃப்ட் ஒன்றுதான். ஆகவே அதை உள்ளீடற்ற குழாயாகச் செய்து, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அதன் வழியாக எஞ்சினின் வயிற்றுக்குள் அனுப்பினார்கள். மசகு எண்ணெயும் அந்த வயிற்றுக்குள்தான் போக வேண்டும். சாதாரண கனிம எண்ணெய் பெட்ரோலில் கரைந்து, கழுவிக்கொண்டு போய்விடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் அவ்வளவு எளிதில் கரையாது, சூட்டிலும் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மாட்டு வண்டி அச்சுக்கு அதைப் பூசிய நம் ஆட்களுக்கு இந்தக் குணம் முன்பே தெரிந்ததுதான்.

ஆனால் போன எண்ணெய் திரும்பி வராது. சுழற்சியில் அது சிலிண்டரின் தலைப்பக்கம் வீசப்பட்டு, பாதி எரிந்தும் எரியாமலும் புகையோடு வெளியே போய்விடும். மணிக்குப் பல லிட்டர் இப்படிக் காலியாகும். எஞ்சினைச் சுற்றி வளையம் மாதிரி தகரம் பொருத்தி, கீழ்ப்பக்கம் திறந்து விட்டார்கள், தெறிப்பது கீழே போகட்டும் என்று. மீதி விமானியின் முகத்துக்குத்தான். அதை மூக்காலும் வாயாலும் உள்ளே இழுத்து வயிறு கலங்கிய விமானிகளைப் பற்றிய கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை, ஆனால் விளக்கெண்ணெயில் உள்ள ரிசினோலேயிக் அமிலம் குடலில் என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது.

சாப்வித் கேமல் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தில், விமானிக்கு முன்னால் கருவிகளோடு கருவியாக ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். எண்ணெய்ப் பம்பு ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அதற்குள் எண்ணெய் மட்டம் துள்ளும். துள்ளல் நின்றால் எண்ணெய் போகவில்லை என்று அர்த்தம், உடனே தரையிறங்க இடம் தேட வேண்டியதுதான்.

வேகத்தைக் குறைப்பது இன்னொரு வேடிக்கை. நோம் வகை எஞ்சின்களில் இன்றைய ஆக்சிலேட்டர் மாதிரி நம்பகமான ஏற்பாடு கிடையாது. ஓடினால் முழு வேகம். தரையிறங்கும்போது விமானி, பிடியில் உள்ள பொத்தானை அழுத்தித் தீப்பொறியை நிறுத்துவார், விடுவார், மறுபடி அழுத்துவார். அந்த விட்டு விட்டு வரும் உறுமல் பழைய விமானக் காட்சிகளில் இன்றும் கேட்கும். பொறி நின்ற நேரத்திலும் பெட்ரோல் வந்துகொண்டே இருப்பதால், எரியாத பெட்ரோல் தகர வளையத்துக்குள் தேங்கி, மறுபடி பொறி வரும்போது பற்றிக்கொண்ட சம்பவங்களும் உண்டு. பின்னால் வந்த கிளெர்ஜே எஞ்சினில் காற்றுக்கு ஒரு நெம்புகோல், பெட்ரோலுக்கு ஒரு நெம்புகோல். இரண்டையும் பொருத்தமாக வைக்கத் தெரியாத புது விமானிக்கு, தரையை விட்டு எழும்பிய சில நொடிகளில் எஞ்சின் திணறி நின்றுவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து சுழற்சியிலேயே ஒளிந்திருந்தது. வேகமாகச் சுழலும் பொருளின் அச்சை ஒரு திசையில் திருப்ப முயன்றால், அது அதற்குக் குறுக்கான திசையில் சாயும். கேமலின் மூக்கில் சுமார் 170 கிலோ கிளெர்ஜே எஞ்சின் சுழல்கிறது. எஞ்சின், விமானி, துப்பாக்கிகள், பெட்ரோல் எல்லாம் முன்பக்கம் இரண்டே மீட்டருக்குள் அடைந்திருக்கின்றன. வலது பக்கம் திருப்பினால் மூக்கு தானாகக் கீழே போகும், இடது பக்கம் திருப்பினால் மேலே எழும்பும். இதைக் காலாலும் கையாலும் உடனுக்குடன் சரிசெய்யாவிட்டால் விமானம் சுழன்று விழும். பழகியவர்களுக்கு அதே குணம் ஆயுதமாயிற்று, வலப்பக்கத் திருப்பத்தில் கேமலைத் துரத்திப் பிடிப்பது கடினம். இடது பக்கம் 90 டிகிரி திரும்புவதற்குப் பதிலாக வலது பக்கம் 270 டிகிரி சுற்றிவந்தார்கள் என்ற கதை மட்டும் கொஞ்சம் ஊதிப் பெருக்கியது என்றே எனக்குத் தோன்றுகிறது. போரில் கேமலில் இறந்த விமானிகள் 413 பேர் என்றும், விபத்து முதலிய பிற காரணங்களால் அதில் இறந்தவர்கள் 385 பேர் என்றும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு எண்களும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன பாருங்கள்.

இந்தப் பொல்லாத விமானத்தை ஓட்டியவர்களில் ராவல்பிண்டியில் பிறந்த ஹர்தித் சிங் மாலிக் ஒருவர். 1917 அக்டோபரில் வான்சண்டையில் காலில் குண்டு பட்டும் உயிரோடு தரையிறங்கினார். பிற்காலத்தில் பிரான்சுக்கு இந்தியாவின் தூதராகவும் இருந்தார்.

ஜெர்மனியின் பாடு வேறு மாதிரி. ஃபாக்கர் மூன்றடுக்கு இறக்கை விமானத்தில் இருந்தது பிரெஞ்சு லெ ரோன் எஞ்சினின் நகல். ஆனால் ஆமணக்கு விளைவது இந்தியா போன்ற வெப்ப நாடுகளில், கடலோ பிரிட்டிஷ் கடற்படையின் கையில். மாற்று எண்ணெய் ஊற்றி ஓட்டினார்கள், எஞ்சின்கள் சீக்கிரமே தேய்ந்து இறுகின. அமெரிக்கா 1918-ல் தன் தென் மாநிலங்களிலேயே ஆமணக்குப் பயிரிட ஏற்பாடு செய்தது. ஒரு விதைக்காக ராணுவங்கள் இப்படி அலைந்தது சுவாரஸ்யம்தான்.

இன்னும் பலம் வேண்டும் என்று கேட்டபோது இந்த எஞ்சின் கையை விரித்துவிட்டது. சிலிண்டர்கள் காற்றை வெட்டிக்கொண்டு சுற்றவே சக்தி செலவாகும். வேகத்தை இரட்டித்தால் அந்தச் செலவு எட்டு மடங்காகும். சீமென்ஸ் பொறியாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். சிலிண்டர்களை ஒரு பக்கம் 900 சுற்று, கிராங்க் ஷாஃப்டை எதிர்ப்பக்கம் 900 சுற்று என்று ஓடவிட்டார்கள். உள்ளே பிஸ்டனுக்கு அது 1800 சுற்று, வெளியே காற்றுக்கு 900 மட்டும்தான். புத்திசாலித்தனமான வேலை, ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. தண்ணீரால் குளிரும் ஹிஸ்பானோ சூயிசா எஞ்சின் 200 குதிரைத்திறன் கொடுக்கத் தொடங்கியிருந்தது. விமானங்களின் வேகமும் கூடிவிட்டதால், நிற்கும் சிலிண்டரையே காற்று குளிர்விக்கப் போதுமானதாக இருந்தது. சுற்றத் தேவையில்லை என்று ஆனபின் சுற்றுவானேன்? 1920-களில் இந்த வகை எஞ்சின்கள் ஒதுங்கிவிட்டன.

முழுக்கப் போய்விடவில்லை. இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ஷட்டில்வொர்த் சேகரிப்பில் அவ்ரோ 504 ஒன்று இன்றும் லெ ரோன் எஞ்சினோடு பறக்கிறது. நியூசிலாந்தில் ஒற்றை வால்வு நோம் எஞ்சினைப் புதிதாகவே செய்கிறார்கள். மைதானத்தில் சின்ன மாதிரி விமானம் விடுபவர்கள் எரிபொருளோடு விளக்கெண்ணெய் கலந்து ஊற்றுவது இன்றும் உண்டு.