‘டூ’ சுமக்கும் காலம்

ஆங்கிலம் கற்கத் தொடங்கியவுடன் அறிமுகமாகிவிடும் வினைச்சொற்களில் ஒன்று ‘டூ’. அதற்குப் பொருள் கேட்டால் ‘செய்’ என்று தயக்கமின்றி விடை வரும். ஆனால் ‘டூ யூ நோ தமிழ்?’ என்பதைத் தமிழில் ‘உனக்குத் தமிழ் தெரியுமா?’ என்றுதான் கேட்கிறோம். அதில் ‘செய்’ எங்குமே இல்லை. பொருள் ஏதும் தராமல் வாக்கியத்தின் தலையில் நிற்கும் இந்தச் சொல்லுக்கு அங்கே என்ன வேலை என்பது விளங்காததால்தான், பட்டம் பெற்ற பிறகும் பலருடைய நாவில் ‘டிட் ஹீ வென்ட்?’ என்பது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆங்கில வாக்கியம் ஒன்றில் காலக்குறி ஒரே ஒரு வினையின் மேல்தான் ஏறும். ‘ஹீ வென்ட்’ என்பதில் ஒரு வினைதான் இருக்கிறது. ஆகவே இறந்தகாலத்தை அதுவே சுமக்கிறது. இதைக் கேள்வியாக்கவோ மறுக்கவோ வேண்டுமென்றால் இன்றைய ஆங்கிலம் ஒரு துணைவினையைக் கேட்கிறது. ‘கேன்’, ‘வில்’, ‘மஸ்ட்’ போன்ற ஒன்றோ ‘இஸ்’ என்ற வினையோ ஏற்கெனவே இருந்தால் அதுவே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். இல்லாதபோது ‘டூ’ வரவழைக்கப்படுகிறது. வந்தவுடன் அது முதன்மை வினையின் தலையிலுள்ள சுமையைத் தன் தலைக்கு மாற்றிக்கொள்கிறது: இறந்தகாலமானால் ‘டிட்’, படர்க்கை ஒருமை நிகழ்காலமானால் ‘டஸ்’. சுமை இறங்கிய வினை ‘கோ’ என்ற வெறும் அடிச்சொல்லாக நிற்கும். ‘டிட் ஹீ வென்ட்’ என்னும்போது ஒரே இறந்தகாலத்தை இரண்டு இடங்களில் சொல்லிவிடுகிறோம். ‘டஸ் ஹீ கோஸ்’ என்பதிலும் நடப்பது இதுதான்.

இந்தச் சுமைமாற்றம் தமிழனுக்குப் புதிதன்று. ‘போனான்’ என்பதற்கு மறுப்பு ‘போகவில்லை’. ‘போனான்’ என்பதில் இருந்த இறந்தகால இடைநிலையும் ஆண்பால் விகுதியும் இரண்டும் கழன்றுபோய், ‘போக’ என்ற எச்சம் மட்டும் எஞ்சியிருக்கிறது. தமிழின் ‘இல்லை’ காலத்தைத் தனியே காட்டாது, ஆங்கிலத்தின் ‘டிட்’ காட்டும் என்பது வேறுபாடுதான். ஆனால் முதன்மை வினை வெறுமையாவது இரண்டிலும் ஒன்றே. கேள்வியில்தான் நாம் வழி பிரிகிறோம். ‘போனான்’ என்பதன் கடைசியில் ஓர் ஆகாரத்தைச் சேர்த்தால் ‘போனானா?’ என்று கேள்வி முடிந்துவிடுகிறது. வினையின் உடம்பில் எதுவும் மாறுவதில்லை. கேள்விக்காக வினையைத் தொடத் தேவையில்லை என்ற இந்தப் பழக்கமே ‘வென்ட்’ என்பதை அப்படியே விட்டுவிட்டு முன்னால் ஒரு ‘டிட்’டை ஒட்டவைக்கத் தூண்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் நெருக்கமான உறவு ஒன்றும் உண்டு. ‘அவன் வரமாட்டான் என்றாயே?’ என்று ஒருவர் கேட்க, ‘இல்லை, வரத்தான் செய்தான்’ என்று மற்றவர் சொல்கிறார். இங்கே ‘வர’ என்பது எச்சம். காலத்தையும் பாலையும் சுமப்பது ‘செய்தான்’. அந்தச் ‘செய்’ எந்தச் செயலையும் குறிக்கவில்லை, அழுத்தத்துக்காக மட்டுமே வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் இதே இடத்தில் ‘ஹீ டிட் கம்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் இத்தனை பொருத்தமாக அமைந்த வாக்கியம் கையில் இருக்கும்போது, உறுதிப்படுத்தும் ‘டூ’வை விளக்க வேறு எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. பேச்சுத் தமிழின் ‘பண்ணு’வும் இந்த வேலைக்கு வரும்: ‘பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்’ என்கிறோமே தவிர, ‘மிஸ்டு பண்ணிட்டேன்’ என்பதில்லை. ஆங்கில வினை வெறுமையாக இருக்க, காலம் ‘பண்ணு’வில் ஏறிவிடுகிறது.

ஆங்கிலத்திலும் இந்த ஏற்பாடு என்றும் இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் முதன்மை வினையையே எழுவாய்க்கு முன்னால் கொண்டுவந்து கேள்வி கேட்டார்கள். வினையை அடுத்து ‘நாட்’ வைத்து மறுக்கும் வழக்கம் பின்னர் வந்தது. 1611ஆம் ஆண்டு வெளியான ஆங்கில விவிலியத்தில் ‘தீர்ப்பிடாதீர்கள்’ என்பது ‘ஜட்ஜ் நாட்’ என்றுதான் இருக்கிறது. இன்று ‘டூ நாட் ஜட்ஜ்’ என்பார்கள். ‘கட்டுவித்தான்’ என்பதுபோல ஒருவரைக் கொண்டு செய்விக்கும் பொருளில் வழங்கிய ‘டூ’ காலப்போக்கில் பொருள் தேய்ந்து துணைவினையானது என்பது ஒரு விளக்கம். வேல்ஸ் மொழியின் தாக்கம் என்போரும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை. ஸ்வீடன் நாட்டு மொழியியலாளர் ஆல்வார் எல்லகோர்ட் பழைய உரைநடை நூல்களிலிருந்து ஆயிரக்கணக்கான வாக்கியங்களைத் திரட்டி, 1953இல் வெளியிட்ட ஆய்வில் இச்சொல்லின் வளர்ச்சியை எண்ணிக் காட்டினார். 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாதாரண உடன்பாட்டு வாக்கியங்களில்கூட அழுத்தம் ஏதுமின்றி ‘டூ’ நுழைந்துகொண்டிருந்தது. பிறகு அங்கிருந்து மட்டும் அது பின்வாங்கியது, கேள்வியிலும் மறுப்பிலும் நிலைத்தது. ‘அறி’ என்று பொருள்தரும் ‘நோ’ என்ற வினை நெடுங்காலம் பிடிகொடுக்காமல் ‘ஐ நோ நாட்’ என்றே வழங்கிவந்தது.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ‘யார் வந்தார்?’ என்று எழுவாயையே கேட்கும்போது ‘ஹூ கேம்?’ என்பதே போதும். அங்கே ‘டூ’வுக்கு இடமில்லை. ஏவலிலோ, வழக்கமாக ‘டூ’வின் உதவியை ஏற்காத ‘பீ’ கூட அதற்கு வழிவிடுகிறது: ‘டோன்ட் பீ லேட்’.

முதன்மை வினையாக வரும் ‘டூ’வில் சிக்கல் வேறு. நம்முடைய ‘செய்’ ஒன்றே ‘டூ’, ‘மேக்’ இரண்டுக்கும் ஈடாகிறது. வேலையாகச் செய்வது ‘டூ’, புதிதாக ஒன்று உண்டாவது ‘மேக்’ என்று கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்: வீட்டுப்பாடத்துக்கு ‘டூ’, நாற்காலிக்கு ‘மேக்’. ஆனால் ‘மேக் தி பெட்’ என்றால் தச்சரைக் கூப்பிட வேண்டாம், விரிப்பைச் சரிசெய்தால் போதும். இத்தகையவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

‘டூ’வுக்கு மற்றொரு பணியும் உண்டு: முன்னே சொன்ன வினையைத் திரும்பச் சொல்லாமல் அதற்குப் பதிலாக நிற்பது. ‘அவள் என்னைவிட நன்றாகப் பாடுவாள்’ என்பதை ‘ஷீ சிங்ஸ் பெட்டர் தேன் ஐ டூ’ என்னும்போது, கடைசியிலுள்ள ‘டூ’ பாடுவதைக் குறிக்கிறது. எல்லா வினைகளுக்கும் ஆளாக நிற்கப் பவணந்தி முனிவர் நன்னூலில் தேர்ந்துகொண்ட சொல்லும் ‘செய்’தான், ‘செய்து, செய்பு, செய்யா, செய்யூ’ என்று அவர் வாய்பாடு சொல்லும்போது ‘வந்து’, ‘பாடி’, ‘உண்டு’ எல்லாம் அந்த முதற்சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.