கறள் பிடிக்காத வள்ளத்தில் ஓட்டை

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த அந்த வள்ளத்தைச் சட்டென்று அலுமினியம் என்று சொல்லிவிட முடியாது. மூன்று நிறத்தில் பழைய பெயின்ற், அதன்மேல் காய்ந்த பாசி. பைபர் வள்ளங்களே நிறைந்த கரையில் இது ஒன்றுதான் அப்படி. எஞ்சின் பூட்டும் இடத்தில் உரிமையாளர் விரலால் அழுத்தினார். வெள்ளைத் தூள் பொலபொலவென்று கொட்டியது.

"கறள் பிடிக்காது எண்டுதானே தம்பி வாங்கினனான். பிறகென்ன இது?"

கறள் இரும்புக்கு மட்டும் வருவது. அது பொருக்காக உதிர்ந்து, அடியில் இருக்கும் இரும்பையும் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கும். அலுமினியம் ஒட்சிசனோடு சேர்ந்து உண்டாகும் ஒட்சைட்டு அப்படி உதிராது. சில நனோமீற்றர் தடிப்பில் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். சுரண்டினாலும் கண்மூடித் திறப்பதற்குள் புதுத்தோல் வந்துவிடும். ஆனால் அதற்கு ஒட்சிசன் வேண்டும். அண்ணையின் வள்ளத்தில் தகட்டோடு சேர்த்து ஒரு பலகை இறுக்கப்பட்டிருந்தது. அந்த இடுக்கில் தேங்கிய உப்புநீரில் ஒட்சிசன் தீர்ந்துபோகிறது, உப்பிலிருக்கும் குளோரைட்டு சேர்கிறது, நீர் மெல்ல அமிலமாகிறது. தோல் கரைகிறது, புதிதாக வளர வழியில்லை. அப்படி அரித்துப்போன அலுமினியம்தான் அந்த வெள்ளைத் தூள். போதாக்குறைக்கு எங்கள் கடல்நீரேரி ஆழமற்றது, வற்றாத ஆறு எதுவும் வந்து விழுவதில்லை. கோடையில் அதன் உப்பு கடலையே மிஞ்சிவிடும்.

பெரிய குற்றவாளி வேறு. பலகையைக் கழற்றியபோது அதைப் பிடித்திருந்தவை பித்தளைத் திருகாணிகள்! யாரோ முன்பு பழுதுபார்த்தபோது கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புநீர்: பற்றறி என்பதே அதுதான். அலுமினியம் இலத்திரன்களைப் பித்தளைக்குக் கொடுத்துவிட்டுத் தான் கரைகிறது. பித்தளைக்கு ஒரு கீறலும் இல்லை, புதுசு போலப் பளபளத்தது. ஒவ்வொரு திருகாணியையும் சுற்றி அலுமினியம் மட்டும் உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டை.

சரி, திருத்துவது எப்படி? வள்ளத்தை நிமிர்த்தி, முட்டுக்கொடுத்து, உள்ளே நாலைந்து அங்குலம் தண்ணீர் ஊற்றினோம். வெளியே சொட்டும் இடமெல்லாம் சோக்குக்கட்டியால் வட்டம். பெரும்பாலும் தகடுகளைப் பிணைக்கும் ரிவெற்றுகள் தளர்ந்த இடம்தான். வெளியே ஒருவர் கனமான இரும்புக்கட்டியை அண்டக்கொடுக்க, உள்ளிருந்து மற்றவர் சுத்தியலால் தட்டினால் பல இறுகிவிடும். அரித்துப்போனதைத் துளைத்தெடுத்துப் புது அலுமினிய ரிவெற் போடவேண்டும். வெல்டிங் ஏன் வேண்டாம் என்றால், அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும், அதன் ஒட்சைட்டுத் தோலுக்கு 2000 பாகைக்கு மேல் வேண்டும். தோல் உருகுமுன் தகடு ஒழுகிவிடும். அதற்கென்று தனி மெசினும் பழகிய கையும் தேவை, கேற் ஒட்டும் கடையில் நடக்காது.

கழுவுவதற்குக் கோஸ்டிக் சோடா மட்டும் கூடாது. அழுக்கோடு அலுமினியத்தையும் தின்னும். இரும்புக்கம்பிப் பிரஷும் வேண்டாம், பதிந்துபோகும் இரும்புத்துகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பற்றறி. பித்தளைக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத உருக்குப் போல்ற் போட்டோம். அதுவும் வேறு உலோகம்தானே, அதனால் நைலோன் வளையமும் கடலுக்கான சீலன்ற்றும் இட்டுத்தான் பூட்டினோம்.

கடைசியாக, நீருக்குள் அமிழும் இடத்தில் ஒரு நாகக்கட்டி. துத்தநாகம் என்றும் சொல்வோமே, அதுதான். அது அலுமினியத்தைவிடச் சுலபமாக இலத்திரனைக் கொடுக்கும். தான் கரைந்து வள்ளத்தைக் காக்கும். 1824இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில இரசாயனவியலாளர் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டுக்கு இதே வித்தையைச் செய்தார். செம்பு கரைவது நின்றது. கரைந்த செம்பின் நஞ்சுக்குப் பயந்து விலகியிருந்த பாசியும் சிப்பியும் பிறகு தாராளமாக ஒட்டிக்கொண்டன, பாவம்! பாசி பிடிக்காதிருக்க இன்றும் பல பெயின்ற்றில் செம்பு கலக்கிறார்கள். மர வள்ளத்துக்கு நல்லது, அலுமினியத்துக்கு அது பித்தளைத் திருகாணிக் கதைதான். டப்பாவை வாசித்துவிட்டே வாங்கினோம்.

மறுநாள் காலை போனால் வள்ளம் நீலத்தில் மின்னியது. அண்ணை மிச்சப் பெயின்றை வீணாக்காமல் நாகக்கட்டிக்கும் இரண்டு கோட்டிங் அடித்திருந்தார். தண்ணீர் தொடாத நாகம் எப்படிக் கரையும்? மண்தாளைக் கையில் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே தேய்க்க உட்கார்ந்தார்.