மாம்பழம் போடாத மாம்பழ வாசனை

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை சைனாடவுன் பக்கம் ஓர் உணவங்காடியில் உட்கார்ந்திருந்தோம். அங்கே மீ கோரெங் கடைக்குப் பக்கத்தில் கிராஃப்ட் பீர் விற்கும் சின்னக் கடை ஒன்று உண்டு. எட்டுக் குழாய்கள், ஒரு கரும்பலகை. பலகையில் உள்ள பெயர்கள் வாராவாரம் மாறும். அன்று புதிதாக ஓர் ஐபிஏ வந்திருந்தது. இந்தியா பேல் ஏல் என்பதன் சுருக்கம், ஹாப்ஸ் தூக்கலான பீர் வகை. பெயருக்குக் கீழே சாக்பீஸில் ‘மாம்பழம், பேஷன் ஃப்ரூட்’ என்று எழுதியிருந்தார்கள். என் மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஆரஞ்சுச் சாறு மாதிரி கலங்கலாக இருந்தது.

"எசென்ஸ் ஊத்திருக்கான்டா," என்றான்.

ஊற்றவில்லை. பழமும் போடவில்லை. எவ்வளவு சொல்லியும் அவன் நம்பவில்லை. மறுநாள் வீட்டுக்கு வரச் சொல்லி, ஃப்ரீசரில் வைத்திருந்த ஹாப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தேன். பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ அது, பொடித்து அழுத்தி விற்பார்கள். நான் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவன். சிங்கப்பூரில் 18 வயது ஆனவர்கள் சொந்த உபயோகத்துக்காக வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் காய்ச்சலாம். பொட்டலத்துக்குள் பச்சை நிறத்தில், கோழித் தீவனம் போலச் சின்னச் சின்ன உருளைகள். நாலைந்தை அவன் உள்ளங்கையில் போட்டு நன்றாகத் தேய்க்கச் சொன்னேன். கை பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மாங்காயைப் பறிச்சதும் காம்புல பால் வடியுமே, அந்த வாசனை," என்றான்.

அவன் மூக்கு சரியாகத்தான் சொன்னது. ஹாப்ஸ் ஒரு கொடி, கஞ்சாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பெண்பூக்களின் இதழ்களுக்கு அடியில் மகரந்தம் போல மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாகச் சுரப்பிகள் இருக்கும். லூபுலின் என்று பெயர். பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுப்பது அந்த மஞ்சள் பொடிதான். அதில் உள்ள எண்ணெயில் அதிகம் இருப்பது மிர்சீன் என்ற சேர்மம். மாங்காய்ப் பாலிலும் மாம்பழத்திலும் உள்ள அதே மிர்சீன். கூடவே லினலூல் இருக்கிறது. நம் வீட்டுக் கொத்தமல்லி விதையின் வாசனைக்கு முதல் காரணம் அதுதான். ரோஜாவில் உள்ள ஜெரேனியாலும் உண்டு. ஒரு மூலக்கூறு எந்தச் செடியிலிருந்து வந்தது என்று மூக்குக்குத் தெரியாது. அதே மூலக்கூறுகள் ஏறக்குறைய அதே விகிதத்தில் வந்து சேர்ந்தால், மூளை ‘மாம்பழம்’ என்று சொல்லிவிடுகிறது.

பேஷன் ஃப்ரூட் வாசனைக்குக் காரணம் தயால்கள். கந்தக அணு உள்ள இந்தச் சேர்மங்கள் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் நம் மூக்கு அவற்றை விடாது. சிலவற்றை லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே உணர்ந்துவிடுவோம். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்று சுமார் 25 லட்சம் லிட்டர் பிடிக்கும். அதில் 10 மில்லிகிராமைக் கரைத்தால் வருவது லிட்டருக்கு 4 நானோகிராம். சர்க்கரை என்றால் விரல் நுனியில் ஒட்டும் சில பரல்கள், அவ்வளவுதான். எனக்கு இந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

சரி, எல்லாப் பீரிலும் ஹாப்ஸ் இருக்கிறதே, 1932இல் சிங்கப்பூரில் பிறந்த டைகர் பீரில் ஏன் மாம்பழம் மணப்பதில்லை? ஒரு காரணம் ஹாப்ஸ் ரகம். சிட்ரா, மொசைக் போன்ற வாசனை ரகங்கள் அமெரிக்காவில் கடந்த இருபது ஆண்டுகளுக்குள் சந்தைக்கு வந்தவை. அதைவிடப் பெரிய காரணம் ஹாப்ஸை எப்போது போடுகிறார்கள் என்பது. ரசம் வைப்பவர்களுக்கு இது உடனே புரியும். புளி கொதிக்க வேண்டும், கொத்தமல்லித் தழையை அடுப்பை அணைத்த பிறகு போட வேண்டும். ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் தண்ணீரில் எளிதில் கரையாதவை. ஒரு மணி நேரம் கொதித்தால்தான் அவற்றின் அணுக்கள் இடம் மாறி, ஐசோ ஆல்ஃபா அமிலங்களாகிக் கரைந்து கசக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் வாசனை எண்ணெய் எல்லாம் ஆவியோடு போய்விடும். ஆகவே கசப்பு வேண்டுமென்றால் தொடக்கத்தில் போட வேண்டும், வாசனை வேண்டுமென்றால் கடைசியில். கலங்கலான ஐபிஏ காய்ச்சுபவர்கள் ஹாப்ஸின் பெரும்பகுதியைக் கொதி முடிந்து, ஆறி, சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட் வேலை செய்யும்போதோ அதற்குப் பிறகோதான் போடுகிறார்கள். லிட்டருக்குப் 10 கிராம், சிலர் அதற்கு மேலும். அப்போது ஈஸ்டும் தன் பங்குக்கு ஜெரேனியாலில் ஒரு பகுதியை எலுமிச்சை வாடை கலந்த சிட்ரோனெல்லோலாக மாற்றுகிறது. அந்தக் கலங்கல்கூடப் பழச்சதை இல்லை. ஓட்ஸ், கோதுமையிலிருந்து வரும் புரதமும் ஹாப்ஸின் பாலிஃபீனால்களும் ஒட்டிக்கொண்டு மிதப்பதுதான் அது.

இந்தக் கொடி நம் ஊரில் ஒழுங்காகப் பூக்காது. கோடையில் நீண்ட பகல் வேண்டும் அதற்கு. நமக்கோ ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. அதனால் ஹாப்ஸ் எல்லாம் கப்பலிலோ விமானத்திலோதான் வருகிறது.

ஹாப்ஸைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். ஈஸ்டுக்கு அந்தப் புகழ் கிடைப்பதில்லை என்பது எனக்கு ஒரு குறை. ஜெர்மன் பாணிக் கோதுமைப் பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் செய்வது ஈஸ்ட். வாழைப்பழ வாடை ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர், அதாவது பழ மணம் தரும் சேர்ம வகை. கிராம்பு வாடை, தானியத்தில் உள்ள ஃபெருலிக் அமிலத்தை ஈஸ்ட் உடைப்பதால் வருவது.

இதே ஈஸ்ட் சூடு ஏறினால் என்ன செய்யும் என்பதை என் முதல் பீரில் கற்றுக்கொண்டேன். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறை மூலையில் 20 லிட்டர் வாளியை வைத்துவிட்டேன். அந்த ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரி வேண்டும். அறையில் 30. நொதிக்கும்போது ஈஸ்டே வெப்பத்தை வெளியிடும் என்பதால் வாளிக்குள் அதைவிடச் சில டிகிரி கூடவே இருந்திருக்கும். இரண்டே நாளில் நொதித்து முடிந்துவிட்டது, எனக்கு ஒரே சந்தோஷம். மூடியைத் திறந்தால் நகப்பூச்சு அகற்றும் திரவத்தின் வாடை. குடித்தால் தொண்டை எரிந்தது. சூட்டில் ஈஸ்ட் கண்டபடி பெருகும்போது எத்தில் அசிடேட் அளவு மீறிப் போகிறது, ஃபியூசல் எனப்படும் கனமான ஆல்கஹால்களும் கூடிவிடுகின்றன. 20 லிட்டரையும் கழிவறையில் கொட்டினேன். அடுத்த மாதமே பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று வாங்கி, வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தினேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த க்வைக் என்ற ஈஸ்ட். அந்த விவசாயிகள் ஒரு காய்ச்சலில் கிடைத்த ஈஸ்டை மர வளையங்களில் உலர்த்தி அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைத்தார்கள். நம் வீடுகளில் பழைய தயிரிலிருந்து உறை எடுத்து வைப்பது போலத்தான். இது 30 முதல் 40 டிகிரி வரை கெட்ட வாடை இல்லாமல் வேலை செய்யும், சில வகைகளில் ஆரஞ்சு மணமும் வரும். குளிர் நாட்டில் பிறந்த ஈஸ்ட், சிங்கப்பூர் அடுப்படிக்கு இவ்வளவு பொருத்தம்.

2022இல் கடைகளுக்கு வந்த நியூப்ரூ என்ற பீரிலும் க்வைக்தான் போட்டார்கள். சிங்கப்பூரின் தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகமும் 1997இல் இங்கே பீர் காய்ச்சத் தொடங்கிய ப்ரூவெர்க்ஸ் நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்தது. அதில் தண்ணீர்தான் செய்தி: நாம் பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துத் தயாரிக்கும் புதுநீர். ‘சாக்கடைத் தண்ணி பீர்’ என்று முகம் சுளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது நியாயமாகத் தெரியவில்லை. நுண்வடிகட்டி, எதிர்ச் சவ்வூடுபரவல், புற ஊதாக் கதிர் என்று மூன்று கட்டங்களைத் தாண்டி வரும் நீரில் தாது உப்புகூட அநேகமாக மிஞ்சாது. காய்ச்சுபவருக்கு அது வெள்ளைத் தாள் கிடைத்த மாதிரி. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர் நீரில் ஜிப்சம் அதிகம், அதன் சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்கியதால்தான் அந்த ஊரின் பேல் ஏல் வகைப் பீர் பெயர் பெற்றது. செக் நாட்டின் பில்சன் ஊர் நீர் மென்மையானது, அங்கே மெல்லிய லாகர் வகைப் பீர் பிறந்தது. புதுநீரை வைத்துக்கொண்டு கால்சியம் சல்ஃபேட்டையோ கால்சியம் குளோரைடையோ தேவைப்படி சேர்த்தால் எந்த ஊர் நீரையும் செய்துகொள்ளலாம். குளோரைடு கூடினால் வாயில் உருண்டு திரண்ட உணர்வு வரும்.

மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தைப் பற்றி நமக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து மாவாக்கிக் குழந்தைக்குக் கொடுக்கிறோமே, அதே வேலை பார்லியில். முளைவிடும்போது உண்டாகும் நொதிகள், பிறகு 65 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் ஊறும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. ஈஸ்டுக்குச் சாப்பாடு அதுதான். லேசாக வறுத்தால் பிஸ்கட் மணம், கருக வறுத்தால் காப்பி, சாக்லேட். இப்போது பலகைகளில் அடிக்கடி தென்படும் புளிப்பு பீர்களில் இட்லி மாவைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களின் சொந்தங்கள்தான் வேலை செய்கின்றன. கோஸே என்ற புளிப்பு பீரில் உப்பும் கொத்தமல்லி விதையும் போடுவது ஜெர்மன் மரபு. நம் நாக்குக்கு அது அந்நியமாகவே தெரியாது.

அடுத்த சனிக்கிழமை மச்சான் காரமான மீ கோரெங் ஒரு தட்டும் 8 சதவீத ஐபிஏ ஒன்றும் வாங்கினான். இரண்டாவது வாயில் கண்ணில் தண்ணீர். மிளகாயின் காரத்தை நாம் உணர்வது சூட்டை உணரும் உணர்வி வழியாக. அது வழக்கமாக 42 டிகிரியை ஒட்டித்தான் விழிக்கும். ஆல்கஹால் பட்டால் 34 டிகிரிக்கே விழித்துக்கொள்கிறது, அதாவது உடம்புச் சூடே அதற்கு நெருப்பாகிவிடும். காரச் சாப்பாட்டோடு ஐபிஏ பிரமாதம் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. 5 சதவீதக் கோதுமைப் பீர் போதும். விலையும் குறையும்: இங்கே பீருக்கான உற்பத்தி வரி அதில் உள்ள ஆல்கஹாலின் அளவுக்குத்தான், லிட்டருக்கு 60 வெள்ளி. 330 மில்லி கேனில் 5 சதவீதம் என்றால் 99 காசு, 8 சதவீதம் என்றால் 1.58 வெள்ளி.

கோதுமைப் பீர் வந்தது. எடுத்தவுடன் குடிக்காதே, ஐந்து நிமிடம் வை என்றேன். பனிக்கட்டி போலக் குளிர்ந்த பீரிலிருந்து வாசனை மூலக்கூறுகள் எழும்புவதில்லை. மேலும், நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி, விழுங்கும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை. 8, 10 டிகிரிக்கு வந்தபோது வாழைப்பழம் வந்துவிட்டது.

கலங்கலான ஐபிஏவுக்கு இன்னொரு எதிரி, நம் ஊர் வெயில். தயால்களும் எண்ணெய்களும் சூட்டில் சீக்கிரம் சிதையும், ஆக்சிஜன் பட்டால் இன்னும் வேகமாக. பழைய பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வருவது டிரான்ஸ் 2 நோனினால் என்ற சேர்மத்தால். மாம்பழம் மணத்த அதே ஐபிஏ, குளிரூட்டாத கிடங்கில் சில வாரம் கிடந்தால் தேனும் அட்டையும் கலந்த மாதிரி ஆகிவிடும். பச்சைப் பாட்டிலோ, ஊற்றி வைத்த கிளாஸோ வெயிலில் சில நிமிடம் இருந்தாலே போதும், ஒளி கசப்பு அமிலத்தை உடைத்து ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றத்தைக் கிளப்பிவிடும். கேன்தான் நல்லது. அதன் அடியில் அச்சிட்டிருக்கும் நிரப்பிய தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். ஐபிஏ என்றால் மூன்று மாதத்துக்கு மேல் போனதை நான் தொடுவதில்லை.

கிளம்பும் முன் மச்சான் மறுபடியும் கரும்பலகையைப் பார்த்தான். மாம்பழ ஐபிஏ இன்னும் இருந்தது. கடைக்கார அங்கிளிடம் போய், "அந்த கெக் எப்ப நிரப்பினது?" என்று கேட்டான். அவர் குனிந்து பீப்பாயின் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்று விரல் காட்டினார். மூன்று வாரம்.