பெயர் கூப்பிடும் வரை சும்மா உட்காருங்கள்

நான் மனநல மருத்துவராகத் தொழில் தொடங்கிய காலத்தில், வெளியே காத்திருப்பவர்கள் மின்விசிறியையோ காலண்டரையோ பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே வந்ததும் பலர், "வெளியே உக்காந்திருந்தப்ப யோசிச்சேன் டாக்டர், அப்பா போனதிலிருந்துதான் தூக்கம் கெட்டுச்சு" என்று தாங்களாகவே ஆரம்பிப்பார்கள். நான் கேட்க வேண்டியதில் பாதியை அந்த அரை மணி நேரமே கேட்டு முடித்திருக்கும். இப்போது எல்லோர் கண்ணும் போனில், பெயரைக் கூப்பிட்டால் காதில் விழுவதில்லை, உள்ளே வந்தும் "என்ன சொல்ல வந்தேன்..." என்று தடுமாறுகிறார்கள்.

நாற்பதைக் கடந்த ஒரு பெண் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) சொன்னார்: "எதுவும் வந்திருக்காதுன்னு தெரியும் டாக்டர், ஆனாலும் எடுத்துப் பாக்குறேன்." எத்தனை முறை என்று எண்ண வேண்டாம், எடுப்பதற்குச் சற்று முன்னால் மனதில் என்ன இருந்தது என்று மட்டும் எழுதுங்கள் என்றேன். ஒரு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவந்தார். மாமியார் ஏதோ சொன்ன பிறகு, பால் காயும்போது, விளக்கை அணைத்துப் படுத்ததும். எல்லாமே மனது எதையோ தொடப்போன நேரங்கள், தொடவிடாமல் போன் தடுத்திருக்கிறது.

இது மன உறுதி இல்லாததால் வருவதில்லை, தயவுசெய்து உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். கொத்தினால் எப்போது தீனி விழும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் கொத்துகிறது என்று உளவியலாளர் ஸ்கின்னர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார், போனில் எப்போது என்ன வரும் என்று தெரியாததால்தான் நாமும் விடாமல் எடுத்துப் பார்க்கிறோம். சும்மா இருப்பதும் அவ்வளவு சுலபமில்லை. 2014-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், தனி அறையில் 15 நிமிடம் சும்மா உட்காரச் சொன்னபோது 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பட்டனை அழுத்தித் தங்களுக்குத் தாங்களே மின் அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள், அதைத் தவிர்க்கக் காசு கொடுக்கவும் தயார் என்று முன்பு சொன்னவர்கள்தான் இவர்கள்! ஆனால் சும்மா இருக்கும்போது மூளை அணைந்துவிடுவதில்லை. பழைய நினைவுகளையும் நாளைய கவலைகளையும் அப்போதுதான் எடுத்து அடுக்குகிறது.

சரி, போனைத் தூக்கிப் போடச் சொல்கிறேனா? இல்லை. அந்தப் பெண்ணிடம், பால் காய்ச்சும் நேரம் மட்டும் போன் வேறு அறையில் இருக்கட்டும் என்றேன். தியானமெல்லாம் வேண்டாம், அடுப்பு முன்னால் நின்றால் போதும். முதல் மூன்று நாள் கை பரபரத்ததாம். நான்காம் நாள் அம்மா ஞாபகம் வந்து அழுதிருக்கிறார். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது, அன்றுதான் முதல் அழுகை.

தூக்கமும் வேலையும் கெடும் அளவுக்குப் போயிருந்தால் தனியாகப் போராடாதீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு இருக்கிறது, உங்கள் ஊர் மனநல மருத்துவரிடமும் கூச்சமில்லாமல் சொல்லலாம். அப்படிப் போகும்போது, பெயர் கூப்பிடும் வரை போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.