சவரக்கத்தியின் முதுகு ஏன் அவ்வளவு தடிமன்?

மடக்குச் சவரக்கத்தியை விரித்தால் கண் நேரே அதன் வாய்க்குத்தான், அதாவது வெட்டும் விளிம்புக்குத்தான், போகும். கொஞ்சம் முதுகையும் பாருங்கள். வாய்ப்பக்கம் தாளைப் போல மெலிந்துகொண்டே போக, எதிர்ப்பக்கம் நாலைந்து மில்லிமீட்டர் தடிமனில் உருண்டு நிற்கும். உறுதிக்காக என்று தோன்றும். உறுதி தருவதும் உண்மைதான். ஆனால் அந்த முதுகுக்கு அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது.

சமையல் கத்தியைக் கல்லில் தீட்டும்போது எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பது நம் மணிக்கட்டைப் பொறுத்தது. கை கொஞ்சம் ஆடினாலும் கோணம் மாறிவிடும். சவரக்கத்தியைக் கல்லின் மேல் அப்படியே படுக்கப் போட்டால் போதும். முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும், கோணம் தானாக அமையும். வாயிலிருந்து முதுகு வரை அகலம் 16 மி.மீ., முதுகின் தடிமன் 4.5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், இரண்டு பக்கமும் சேர்ந்து வாயில் உருவாகும் கோணம் சுமார் 16 டிகிரி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலோ ஜெர்மனியின் ஸோலிங்கனிலோ அந்தக் கத்தியை வடித்த தொழிலாளி, தீட்டும் கோணத்தை உலோகத்திலேயே பூட்டி அனுப்பிவிடுகிறார். தீட்டத் தீட்ட வாயோடு சேர்ந்து முதுகும் கொஞ்சம் தேயும் என்பதால் கோணம் பெரிதாக மாறுவதில்லை.

15 டிகிரிக்குக் கீழே போனால் வாய் மிக மெலிந்து சீக்கிரம் உதிரும். 20-க்கு மேல் போனால் முடியை அறுக்காமல் ஆப்பு போலத் தள்ளத் தொடங்கும். நல்ல சவரக்கத்திகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கின்றன. எஃகும் அதற்கேற்றது: ஏறத்தாழ 1 சதவீதம் கரி கலந்து, ராக்வெல் சி என்ற கடின அளவுகோலில் 60-ஐ ஒட்டிய கடினத்துக்குப் பதப்படுத்தப்பட்டிருக்கும். ஒழுங்காகத் தீட்டிய வாயின் விளிம்பு ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பாதியை ஒட்டியது. தாடி முடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 100 மைக்ரான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இவ்வளவு கடினமான எஃகை, முடி போன்ற ஒரு மென்மையான பொருள் எப்படி மழுங்கச் செய்கிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜியான்லூக்கா ரோசியோலி, செம் தாசன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டிப் பார்த்து, 2020-இல் விடை சொன்னார்கள். எஃகு முடியைவிடச் சுமார் 50 மடங்கு கடினம். ஆனாலும் வாய் சீராகத் தேய்ந்து உருண்டு போகவில்லை. ஆங்காங்கே துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்தது. முடி வளைந்து கொடுத்து வாயைச் சாய்வாகச் சந்திக்கும்போது, எஃகின் நுண் அமைப்பு சீரில்லாத இடத்தில் அழுத்தம் குவிகிறது. அந்த இடம்தான் பெயர்கிறது. அவர்கள் சோதித்தது ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளேடு. சவரக்கத்தியின் எஃகு வேறு வகை என்றாலும் அதுவும் முழுக்கச் சீரானதல்ல, அதன் விளிம்பும் அதே அளவு மெல்லியது. ஆகவே முடியை எவ்வளவு மென்மையாக்கி வைக்கிறோமோ அவ்வளவுக்குக் கத்தி பிழைக்கும்.

மென்மையாக்குவது தண்ணீர்தான். சோப்பு அந்தத் தண்ணீரை முகத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறது, வழுக்கலும் தருகிறது. முடியின் புரதமான கெரட்டின் இழைகளைப் பிணைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குள் நீர் புகுந்து அவற்றைத் தளர்த்தும்போது முடி உப்பி, வெட்டுவதற்கான விசை வெகுவாகக் குறைகிறது. இதற்கு இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். குளித்த கையோடு சவரம் செய்வது சுகமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நுரை தயிர் போல ஈரமும் கனமுமாக இருக்கட்டும். காற்றடைத்த உலர் நுரை பார்க்க அழகாக இருக்கும். கத்தி போகும் வழியில் வழுக்கல் தராது.

பிடிப்பு: நடு மூன்று விரல்கள் வாய்க்கும் பிடிக்கும் இடையிலுள்ள தண்டின் மேல், கட்டைவிரல் அதன் அடியில், சுண்டுவிரல் கீலுக்கு அப்பால் நீளும் வால் மேல். பிடி மேல்நோக்கி விரிந்து நிற்கும். மறு கை சும்மா இருக்கக் கூடாது. பாதி வேலை அதனுடையது. தோலை விறைப்பாக இழுத்துப் பிடித்தால் முடி நிமிரும், பள்ளம் மேடு சமமாகும், கத்திக்கு முன்னால் தோல் அலை போல மடிந்து எழாது. கத்தியைத் தோலோடு படுக்க வைத்து, பிறகு முதுகை மட்டும் உயர்த்துங்கள். தோலுக்கும் முதுகுக்கும் இடையே முதுகின் தடிமனைப் போல இரண்டு மடங்கு இடைவெளி வந்தால் கோணம் சுமார் 30 டிகிரி. அதைவிட நிமிர்த்தினால் வாய் தோலைச் சுரண்டும். சவரம் முடிந்த பிறகு எரியும். அதைவிடப் படுக்க வைத்தால் முடியைப் பிடுங்கும். எரிச்சலா, பிடுங்கலா என்று கவனித்தாலே எந்தப் பக்கம் பிழை என்று தெரிந்துவிடும்.

அழுத்தம் தேவையில்லை, கத்தியின் எடை போதும். முதல் ஒரு வாரம் இரண்டு கன்னங்களை மட்டும், முடி வளரும் போக்கிலேயே, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள சின்ன இழுப்புகளாகச் செய்யுங்கள். மீதியை வழக்கமான ரேசரில் முடித்துக்கொள்ளலாம். அடுத்து கழுத்து. மோவாயும் மேலுதடும் கடைசியில். எதிர்ப்போக்கில் வழிப்பதை முதல் மாதத்தில் நினைக்கவே வேண்டாம்.

ஒரு விதியை மட்டும் முதல் நாளே மனத்தில் பதிக்க வேண்டும்: வாய் நீளும் திசையில் கத்தி ஒருபோதும் நழுவக் கூடாது. தக்காளி மேல் கத்தியை வைத்து அழுத்தினால் தோல் அமுங்கும். லேசாக இழுத்தால் உடனே பிளக்கும். மென்மையான பொருளில் நேரே அழுத்துவதைவிடப் பக்கவாட்டு இழுப்பு மிகக் குறைந்த விசையிலேயே விரிசலைத் தொடங்கிவிடுகிறது என்று ஹார்வர்டில் எல். மகாதேவன் உள்ளிட்டோர் 2012-இல் விளக்கினார்கள். நம் தோலும் மென்மையான பொருள்தான். கன்னத்தின் மேல் தன் வாய்க்குச் செங்குத்தான திசையில் நகரும் கத்தி முடியை மட்டும் அறுக்கும். அதே கத்தி அரை சென்டிமீட்டர் பக்கவாட்டில் நழுவினால் தோல் பிளந்துவிடும். ஆழமான வெட்டுக்குக் கை நடுக்கத்தைவிட இந்த நழுவல்தான் பெரும்பாலும் காரணம். சின்னக் கீறலுக்கு, நனைத்த படிகாரத்தை அழுத்திப் பிடித்தால் இரத்தம் நிற்கும்.

நம் ஊர் சலூன்களில் இப்போது இருப்பது பாதியாக ஒடித்த பிளேடைச் செருகும் கத்தி. இரத்தம் வழியாகப் பரவும் மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. ஆகியவற்றின் அச்சத்தில் ஆளுக்கொரு பிளேடு என்பது வழக்கமானது, அது சரியான மாற்றமும்கூட. வீட்டில் கோணம் பழகவும் இந்தக் கத்தி உதவும். ஆனால் எடையில்லாத, வளையாத பிளேடு பிழையைச் சற்றும் மன்னிக்காது. சவரக்கத்தியை ஒருவருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் பகிர வேண்டாம்.

இனி தோல்வார். அந்தக் காலத்துச் சலூன் நாற்காலியின் ஓரத்தில் தொங்கிய அதே தோல்பட்டைதான். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் கத்தியை முதலில் துணிவாரில் (துணியால் ஆன பட்டை) 20, 30 தடவை, பிறகு தோலில் 50 தடவை ஓட்ட வேண்டும். ஒரு தடவை என்றால் போய் வருவது. முடிகளை வெட்டிய விளிம்பு ஆங்காங்கே வளைந்திருக்கும், சோப்புப் படிவும் மெல்லிய துருவும் ஒட்டியிருக்கும். துணி அழுக்கை எடுக்கும். தோல் வளைந்ததை நிமிர்த்தி விளிம்பை மெருகேற்றும். உலோகத்தை அரைத்து எடுக்கும் வேலை தோலுக்குக் கிடையாது, அது கல்லுக்குரியது.

தோலில் கத்தி முதுகு முன்னால் போக வேண்டும். வாய் முன்னால் போனால் தோல் அறுபடும். உண்மையில் வார்கள் வீணாவது வேறு ஒரு நொடியில்: ஒரு முனைக்கு வந்து திருப்பும்போது. நகர்வு முழுதாக நின்ற பிறகு, முதுகு தோலை விட்டு எழாமல், முதுகின் மேலேயே கத்தியைப் புரட்டி, அப்புறம் திரும்பி வாருங்கள். அவசரத்தில் வாயின் மேல் புரட்டினால் தோலில் பிறை போல ஒரு வெட்டு விழும், கத்தியின் கூரும் அங்கேயே போகும். முதல் வாரங்களில் மெதுவாகவே செய்யுங்கள். வேகத்தால் கூர் ஏறுவதில்லை. வார் விறைப்பாக இருப்பது மிக முக்கியம். தொய்ந்த தோல் வாயைச் சுற்றி மேலேறி விளிம்பை உருட்டிவிடும். “எவ்வளவு தேய்த்தும் கூரே வரவில்லை” என்று வருந்துபவர்களில் பலர் தொய்ந்த வாரில் ஓங்கி அழுத்திக் கூரைத் தாங்களே அழித்துக்கொண்டிருப்பவர்கள்.

ஒழுங்காகத் தோலில் ஓட்டி வந்தால் ஒரு தீட்டல் சில மாதங்கள் தாங்கும். தோலில் ஓட்டிய பிறகும் முடி பிடுங்கினால் கல்லுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. பெரும்பாலும் 8000, 12000 எண் கல்லில் பத்திருபது தடவை போதும் (எண் கூடக் கூடக் கல் நுண்ணியது). 8000 கல்லின் துகள் சுமார் 2 மைக்ரான். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் மஞ்சள் கோட்டிக்யூல் கல்லில் நுண்ணிய கார்னெட் கனிம மணிகள் இந்த வேலையைச் செய்கின்றன. சவரக்கத்திக்காரர்கள் தலைமுறைகளாக விரும்பும் கல் அது.

வாய் உதிர்ந்திருந்தாலோ பழைய கத்தி வாங்கியிருந்தாலோ 1000 எண்ணில் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் கல் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு வைரத்துகள் பதித்த தட்டில் தேயுங்கள். எல்லாக் கோடும் ஒன்றாக மறைந்தால் சமம். பிறகு வாயை ஒட்டிய சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசி, கல்லில் ஈரம் வைத்து, அழுத்தாமல் இரண்டு தடவை மட்டும் ஓட்டிப் பாருங்கள். மை எங்கே மிஞ்சியிருக்கிறதோ அங்கே கல் படவில்லை. நுனியில் மட்டும் மிஞ்சினால் கத்தியில் லேசான வளைவு உண்டு என்று பொருள். அடியிலிருந்து நுனிக்குச் சாய்வாக இழுத்து ஓட்டினால் அது சரியாகும். கல்லில் வாய் முன்னால் போகும், தோலுக்கு நேர் எதிராக. வாயின் முழு நீளமும் முன்கை முடியைத் தோலை ஒட்டி வெட்டும் வரை 1000-ஐ விடக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான்: இரண்டு சரிவுகளும் விளிம்பில் சந்திக்கும் முன்பே நுண்கல்லுக்குத் தாவிவிடுகிறார்கள். அப்புறம் 12000-இல் ஒரு மணி நேரம் தேய்த்தாலும் சரிவுதான் பளபளக்கும், வாய் வெட்டாது. 1000 முடிந்தால் 4000, 8000, 12000 என்று ஏறுங்கள். முந்தைய கல்லின் கீறல்கள் மறைந்தால் அடுத்தது. முதுகில் மின்கம்பிகளுக்குச் சுற்றும் இன்சுலேஷன் நாடாவை ஒரு அடுக்கு ஒட்டினால் அது தேயாது. கோணம் சுமார் 1 டிகிரி கூடும் என்பதால், அடுத்த முறையும் அதே நாடாவோடுதான் தீட்ட வேண்டும்.

கடைசிப் பகை ஈரம். கரி எஃகின் அரை மைக்ரான் விளிம்பைத் துரு தின்ன அதிக நேரம் ஆகாது; நம் கண்ணுக்குத் துரு தெரிவதற்கு முன்பே கூர் போயிருக்கும். சவரம் முடிந்ததும் அலசி, முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் துடைத்து, துணிவாரில் பத்து தடவை ஓட்டி உலர்த்துங்கள். கீல் இருக்கும் இடத்தில் தண்ணீர் தங்கும், அங்கே டிஷ்யூ காகிதத்தை நுழைத்து எடுங்கள். குளியலறையில் வைக்க வேண்டாம். கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் மினரல் எண்ணெய் ஒரு துளி பூசி வையுங்கள். பழைய கத்தி வாங்குபவர்கள் பிடியையும் முகர்ந்து பார்க்க வேண்டும். கற்பூர வாசத்தோடு பிடி நொறுங்கத் தொடங்கியிருந்தால் அது செல்லுலாய்டு. சிதையும் செல்லுலாய்டிலிருந்து வரும் அமில ஆவி, மடக்கி வைத்த கத்தியை உள்ளிருந்தே அரிக்கும். அதன் பக்கத்தில் வைத்த வேறு கத்திகளுக்கும் பரவும். அந்தப் பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு மரத்திலோ கொம்பிலோ புதுப் பிடி போடுங்கள்.