படத்துக்குக் கூர்மை, குவியத்துக்குத் துல்லியம்

ஒளிப்பட வில்லைகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘ஷார்ப்னஸ்’ என்பதைத் ‘துல்லியம்’ என்று பெயர்ப்பது இங்கே கோலாலம்பூரில் வழக்கமாகிவிட்டது. திருமணப் படப்பிடிப்பாளர்களுக்காக நடந்த ஒரு பயிற்சியின் தமிழ்க் கையேட்டைப் பார்த்தேன். 24-70 மி.மீ. எஃப்/2.8 ஜூம் வில்லைகளில் (குவிய நெடுக்கத்தை அகன்ற பார்வைக்கு 24, நெருங்கிய பார்வைக்கு 70 என மாற்றலாம்; எஃப் எண் ஒளி புகும் துளையைக் குறிக்கும், எண் கூடினால் துளை சிறுக்கும்) நேரும் குறைகளை விளக்கும் பக்கம் முழுவதும் ‘துல்லியக் குறைபாடு’ என்ற ஒரே தொடர்தான். ‘குவியம் துல்லியமாக இருந்தும் படத்தில் துல்லியம் இல்லாமல் போகலாம்’ என்று ஒரு வரியும் இருந்தது. குவியம் என்பது ‘ஃபோகஸ்’. தொழில் கற்க வந்தவருக்கு அந்த வரியிலிருந்து என்ன விளங்கும்?

சொற்பிறப்பில் அதிகம் பேச வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் ‘ஷார்ப்’ ஆயுதமுனையைக் குறித்து வந்த பழஞ்சொல். ஜெர்மன் மொழியின் ‘ஷார்ஃப்’ அதன் உறவு. மலாயில் ‘தாஜாம்’ என்கிறோம். கத்திக்கும் அதுவே, படத்துக்கும் அதுவே. தமிழில் கூர்மை. ‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’ என்பது தொல்காப்பிய உரியியல். ஏற்கெனவே உள்ள ஒன்று மிகுந்து சிறப்பதையே கூர்ப்பு என்றார்கள். அன்புகூர்ந்து வருமாறு அழைப்பிதழில் எழுதுவதும் ஒன்றைக் கூர்ந்து நோக்குவதும் அந்த வேரிலிருந்து வந்தவைதாம். துல்லியமோ ‘துல்ய’ என்ற வடசொல்லின் வழி வந்தது. ஒத்தது, நிகரானது என்பது அதன் முதற்பொருள். குறித்த அளவோடு இம்மியும் பிசகாமல் பொருந்துவதற்கு இன்று அதைப் பயன்படுத்துகிறோம்.

வடசொல் என்பதற்காக அதை நான் மறுக்கவில்லை. அதற்கென்று ஒரு வேலை இத்துறையில் ஏற்கெனவே காத்திருக்கிறது என்பதற்காகவே மறுக்கிறேன். ஒளியைத் திருப்பும் கண்ணாடி பொருத்திய பழைய வகைக் கேமராக்களில் (டிஎஸ்எல்ஆர்) குவியத்தை அளக்கும் உணரி தனியிடத்திலும், படம் பதியும் உணரி வேறிடத்திலும் இருக்கும். இரண்டின் கணக்கும் சற்றே பிசகினால், மணமகளின் கண்ணில் வைத்த குவியம் காதோரத்தில் போய் விழும். இதுதான் துல்லியக் குறை. வில்லையில் ஒரு பழுதும் இராது. கேமராவின் பட்டியலில் (‘மெனு’) உள்ள, குவியத்தைச் சற்றே முன்பின் நகர்த்தும் நுண்திருத்தத்தைக் கொண்டே பெரும்பாலும் சரிசெய்துகொள்ளலாம். ஜூம் வில்லையில் 70 மி.மீ.க்குப் பொருந்திய திருத்தம் 24 மி.மீ.க்குப் பொருந்தாமல் போவதுண்டு என்பதால்தான் சில கேமராக்கள் இரு முனைகளுக்கும் தனித்தனித் திருத்தம் வைக்க இடம் தருகின்றன. கண்ணாடியில்லாக் கேமராக்களில் படம் பதியும் உணரியிலேயே குவியம் அளக்கப்படுவதால் இந்தத் தொல்லை பெருமளவு நீங்கிவிட்டது.

கூர்மைக் குறை முற்றிலும் வேறு. இத்தகைய ஜூம் வில்லைக்குள் பெரும்பாலும் 15 முதல் 20 வரை சிறு வில்லைக் கண்ணாடிகள் இருக்கும். நெடுக்கத்தை மாற்றும்போது அவற்றுள் சில குழுக்கள் முன்பின்னாக நகரும். ஏதேனும் ஒன்று அச்சிலிருந்து விலகியிருந்தாலோ சாய்ந்திருந்தாலோ படத்தின் ஒரு பக்கம் மட்டும் கெடும். பத்துமலையின் 272 படிகளுக்கு நேர்நடுவே நின்று, 24 மி.மீ.யில், எஃப்/2.8-இல் எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே படியின் இடமுனையும் வலமுனையும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவு. ஆயினும் அச்சு விலகிய வில்லையில் இடப்பக்கத்தில் வண்ணப் பூச்சின் விளிம்பு அறுத்து வைத்தது போல் நிற்க, வலப்பக்கத்தில் அடுத்தடுத்த படிகள் ஒன்றோடொன்று இழைந்து கிடக்கும். அந்த வில்லையைப் பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். நுண்திருத்தத்தால் அது தீராது.

இரண்டுக்கும் துல்லியம் என்றே எழுதினால், வில்லையைத் தூக்கிக்கொண்டு பழுதுக்கடைக்குப் போவதா, கேமராவின் பட்டியலைத் திறப்பதா என்பது படிப்பவருக்குத் தெரியாது. ஒரு சொல்லின் கவனக்குறைவுக்குப் பணமும் நாளும் செலவாகின்றன. படத்தைத் திருத்தும் மென்பொருளை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். அங்கே விளிம்புகளின் ஒளிவேறுபாட்டைக் கூட்டுவதைக் கூராக்கல் என்று சொல்லலாம். துல்லியமாக்கல் என்று எப்படிச் சொல்வது? தவறிய குவியத்தை அந்தக் கருவி இடம்மாற்றி வைப்பதில்லையே.

கூர்மை கத்திக்குத்தான் பொருந்தும், படத்துக்குப் பொருந்தாது என்று சிலர் வாதிடுகிறார்கள். கண் மருத்துவத்தில் பார்வைக் கூர்மை என்ற தொடர் நிலைத்துவிட்டது; எழுத்துப் பலகையின் கடைசி வரிசையை வாசிக்கும் கண்ணுக்குக் கூர்மை உண்டென்றால், நுண்கோடுகளைப் பிரித்துக்காட்டும் வில்லைக்கு ஏன் இருக்கக் கூடாது? வேறு சிலர் ‘தெளிவு’ போதும் என்கிறார்கள். தெளிவு என்பது கலங்கல் அடங்கிய நிலை. நம் நாட்டு ஈரக்காற்றில் உலர்பெட்டிக்கு வெளியே கிடந்த வில்லையில் பூசணம் படர்ந்தால் ஒளி சிதறிப் படம் வெளிறுகிறது. அப்போது போவதுதான் தெளிவு. வில்லை ஒளிவேறுபாட்டை எவ்வளவு காக்கிறது என்று காட்டத் தயாரிப்பாளர்கள் வெளியிடும் எம்டிஎஃப் வரைபடங்களில் மில்லிமீட்டருக்கு 10 கோட்டிணைகள் (ஒரு கருங்கோடும் ஒரு வெண்கோடும் சேர்ந்தது ஓர் இணை) என்றும் 30 கோட்டிணைகள் என்றும் தனித்தனி வளைகோடுகளைக் காணலாம். முன்னதில் பொதுவான ஒளிவேறுபாட்டையும் பின்னதில் நுண்விவரங்களைப் பிரிக்கும் திறனையும் பார்க்கிறோம். கண்ணுக்குத் தோன்றும் கூர்மைக்கு இரண்டும் வேண்டும் என்பதால், தெளிவை அதன் ஒரு கூறாகக் கொள்ளலாமே தவிர அதற்குப் பெயராக்க முடியாது.

எதிர்ச்சொற்களை வைத்துப் பார்த்தால் ஐயத்துக்கே இடமில்லை. கூர்மைக்கு மழுக்கம், தெளிவுக்கு மங்கல், துல்லியத்துக்குப் பிசகு. மூன்று குறைகளுக்கும் மூன்று சொற்களைத் தமிழ் முன்பே கொடுத்து வைத்திருக்கிறது. இவை கையிலிருக்க, ‘சாஃப்ட்’ என்பதை ‘மென்மை’ என்று பெயர்த்து, ‘இந்த வில்லை ஓரங்களில் மென்மையாக இருக்கிறது’ என்று எழுதுகிறார்கள். மென்மை தமிழில் பாராட்டு. ஓரம் மழுங்கியிருக்கிறது என்றால் குறை என்று உடனே புரியும், எஃப்/5.6, எஃப்/8 என்று துளையைச் சுருக்கினால் மழுக்கம் குறைகிறது என்றும், எஃப்/16-ஐத் தாண்டினால் ஒளி விளிம்பில் வளைவதால் படம் முழுவதும் மீண்டும் மழுங்குகிறது என்றும் தொடர்ந்து எழுதிச் செல்லலாம்.

அதே கையேட்டில், ‘ஸ்டாண்டர்ட் ஜூம்’ எனப்படும் இந்த 24-70 வில்லைக்கு இட்ட பெயர் ‘தொழில்முறைத் தரநிலைப் பெரிதாக்கி’. அகராதியின் முதற்பொருளை எடுத்து ஒட்டும் பழக்கத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ‘ஸ்டாண்டர்ட்’ இங்கே தரத்தைப் பற்றியதே அன்று. படம் பதியும் 36×24 மி.மீ. சட்டத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மி.மீ.; அதற்கு அருகிலுள்ள 50 மி.மீ. வில்லையை வழக்கமான பார்வை தருவது என்று கொண்டார்கள், அதை நடுவில் வைத்து இருபுறமும் விரிவதால் ஜூமுக்கும் அந்தப் பெயர் வந்தது. பெரிதாக்கியும் ஆகாது, ஏனெனில் 24 மி.மீ. பக்கம் திருப்பினால் உருவம் சிறுக்கிறது. ‘வழக்க ஜூம்’ என்றால் போதும். நல்ல தமிழ் அமையாத இடத்தில் ‘ஜூம்’ என்றே எழுதிவிட்டுப் போவதில் எனக்குத் தயக்கமில்லை. கூர்மை என்ற நல்ல சொல் கண்முன் இருக்கும்போது அதைத் தள்ளிவைத்துவிட்டு, வேறொரு வேலையிலிருக்கும் சொல்லை இழுத்துவந்து அதன் இடத்தில் நிறுத்துவதைத்தான் ஏற்க முடியவில்லை.