நுங்கம்பாக்கத்தில் சிக்கிய '67 ஆசியா'

1861 ஏப்ரல் 17 அன்று மெட்ராஸ் வானோக்ககத்தில் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டார். வரிசையில் அது 67ஆவது. இந்தக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் 'ஆசியா' என்று பெயர் வைத்தார்.

சிறுகோள் தேடலுக்குப் புகைப்படத் தட்டு வராத காலம் அது. வான்பகுதி ஒன்றின் மங்கல் விண்மீன்களையெல்லாம் முதலில் படத்தில் குறித்துவைக்க வேண்டும். பிறகு தொலைநோக்கியில் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தெரிந்தாலும் உடனே குதிக்கக்கூடாது. படம் வரைந்தபோது விட்டுப்போன விண்மீனாக இருக்கலாம். ஒளி மாறும் விண்மீன் திடீரெனப் பிரகாசித்தும் இருக்கலாம். இரண்டும் நகராது. சிறுகோள் நகரும். சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கும்போது ஆசியா மணிக்குச் சுமார் 37 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) நகரும், கிட்டத்தட்ட வியாழனின் வட்டு அகலம். மறுநாள் இரவு பார்த்தால் அரை நிலா அகலம் தள்ளி நிற்கும், அதுவும் மேற்கு நோக்கி. பூமி வேகமாக ஓடி அதை முந்துவதால்தான் இந்தப் பின்னோட்டம்.

சுற்றுப்பாதைக்கு வந்தால், சிக்கலே தூரத்தில்தான். கண்ணுக்குத் திசை மட்டுமே தெரியும். ஒரு நோக்கீட்டில் கிடைப்பவை இரண்டு எண்கள். பாதையை வரையறுக்க ஆறு எண்கள் வேண்டும். ஆக, குறைந்தது மூன்று நோக்கீடுகள். 1801இல், முதலில் கண்டறியப்பட்ட சிறுகோளான சீரிசுக்காகக் கணிதமேதை கவுஸ் வகுத்த வழி இதுதான். ஆனால் மூன்றையும் இரண்டு மூன்று நாளுக்குள் எடுத்துவிட்டால் பயனில்லை. அத்தனை சிறிய துண்டில் பாதையின் வளைவே தெரியாது. சில விகலை பிசகினாலும் கணக்கில் தூரம் எங்கோ போய் நிற்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால்தான் அடுத்த முறை தேடும்போது கிடைக்கும்.

ஆசியாவின் சராசரித் தூரம் 2.42 வானியல் அலகு (பூமி–சூரியன் தூரம் 1). கெப்ளர் விதிப்படி 2.42ஐ மும்மடியாக்கி வர்க்கமூலம் எடுங்கள்: சூரியனை ஒருமுறை சுற்ற 3.77 ஆண்டுகள். பாதை நன்றாகவே நீள்வட்டம். சூரியனிடமிருந்து 1.97 முதல் 2.87 வரை போய்வருகிறது.

ஏறத்தாழ 16 மாதத்துக்கு ஒருமுறை அது சூரியனுக்கு எதிரே வரும். எல்லா வரவும் ஒன்றல்ல. கிட்டத்தில் வந்தால் ஒளித்தரம் (எண் கூடக் கூட மங்கல்) 10ஐ ஒட்டி, எட்டத்தில் வந்தால் 12ஐ ஒட்டி: வெளிச்சத்தில் ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு என்ற அந்த அளவுகோலையும் 1856இல் முன்மொழிந்தவர் இதே போக்சன்தான்! 11ஆம் தரத்தோடு நின்றுவிட்ட விண்மீன் படத்தை வைத்துக்கொண்டு எட்டத்து ஆசியாவைத் தேடினால், படத்தில் இல்லாத புள்ளிகள் டஜன் கணக்கில் தெரியும்.